தாத்தாவின் 1 நிமிடம் 16.4 வினாடி

கேள்வி இது. திருவையாற்றில் வளர்ந்த ஒருவர் 1958-ல் வாங்கிய நீச்சல் சான்றிதழ் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்திருக்கிறது. ‘100 மீட்டர், முதலிடம், 1 நிமிடம் 16.4 வினாடி’ என்று அதில் இருக்கிறது. எந்த இடத்தில் நடந்த போட்டி என்று இல்லை. அவருடைய பேத்தி இப்போது தஞ்சாவூரில் பயிற்சி எடுக்கிறாள். அதே தூரத்தை 1 நிமிடம் 12.80 வினாடியில் முடிக்கிறாள். ‘தாத்தாவைப் பேத்தி மிஞ்சிவிட்டாள்’ என்று வீட்டில் பேச்சு. அந்தக் காலத்தில் போட்டி எப்படி நடந்தது, இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணை மட்டும் எடுத்து வைத்தால் தாத்தாவுக்கு அநியாயம் நடந்துவிடும். எந்தத் தண்ணீர், எந்தக் கடிகாரம், திரும்புவதற்குச் சுவர் இருந்ததா, இடுப்பில் என்ன துணி என்று தெரிந்தால்தான் அந்த 16.4-க்கு அர்த்தம் வரும். சான்றிதழில் எழுதாத இந்த விவரங்களில் பாதியை அந்தக் காகிதத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தேதியைப் பாருங்கள். டெல்டாவில் தேதி தெரிந்தால் தண்ணீர் தெரிந்துவிடும். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமானது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். சில வருடம் தேதி முன்பின் ஆகும். ஆனாலும் பங்குனி, சித்திரையில் திருவையாற்றுப் படித்துறைக்கு எதிரே பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். ஊற்றுத் தோண்டிக் குளிப்பார்களே தவிர, நூறு மீட்டர் நீந்த முடியாது. சான்றிதழில் பிப்ரவரி முதல் மே வரையுள்ள மாதம் இருந்தால் அது குளத்தில் நடந்த போட்டி. ஆகஸ்டு, செப்டம்பர் என்றால் ஆறாகவும் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை வெள்ளம் சேர்ந்து ஆறு செந்தண்ணீராக ஓடும். புத்தியுள்ள யாரும் அப்போது ஆற்றில் போட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

ஆறா குளமா என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 1.4 மீட்டர் நீந்தக்கூடிய ஒரு பையன், நின்ற தண்ணீரில் 100 மீட்டரை 71.4 வினாடியில் முடிப்பான். ஆற்றின் இழுப்பு வினாடிக்கு 0.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவருக்கு ஆறு சும்மா நகர்வது போலத்தான் தெரியும், அவ்வளவு மெதுவான ஓட்டம். அந்த இழுப்போடு போனால் அதே பையன் 58.8 வினாடியில் வந்துவிடுவான். எதிர்த்துப் போனால் 90.9 வினாடி. ஆளும் அவன் கைவலுவும் அதேதான், நேரத்தில் மட்டும் 32 வினாடி வித்தியாசம். 50 மீட்டர் கீழே போய் 50 மீட்டர் மேலே வந்தால் இரண்டும் சரிக்கட்டிவிடும் என்று பலர் நினைப்பார்கள். அப்படி ஆவதில்லை. போகும்போது 29.4, வரும்போது 45.5, மொத்தம் 74.9 வினாடி. எதிர்நீச்சலில் கழியும் நேரம் நீளம், அதனால் இழப்பும் அதிகம். போய்வரும் போட்டி ஓடுகிற ஆற்றில் நடந்தால் எப்போதும் நஷ்டக் கணக்குதான்.

இன்னொரு சிக்கல், ஆற்றில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர் கிடையாது. நடு ஆற்றில் ஓட்டம் வேகம், கரையோரம் மெதுவு. வளைவில் வெளிக்கரைப் பக்கம் ஆழமும் இழுப்பும் சேர்ந்திருக்கும், உள்கரைப் பக்கம் மணல் மேடு. ஊரின் துறையில் பிறந்ததிலிருந்து குளித்தவனுக்கு எந்த இடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும் என்று காலே சொல்லிவிடும். வெளியூர்ப் பையன் எவ்வளவு பலசாலியானாலும் கரையோரத் தண்ணீரில் மாட்டிக்கொள்வான். எனவே ஆற்றுப் போட்டியில் முதலிடம் என்பது நீச்சலோடு ஆற்றறிவுக்கும் கிடைத்த பரிசு. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் குளத்து நேரத்தோடு அதை ஒப்பிட முடியாது.

இதெல்லாம் நம் ஊர்ப் பக்கத்து ஏழ்மை என்று நினைத்துவிட வேண்டாம். உலகமே அப்படித்தான் தொடங்கியது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீச்சல் நடந்தது பிரேயஸ் அருகே திறந்த கடலில். தண்ணீரின் வெப்பம் சுமார் 13 டிகிரி. ஹங்கேரியின் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் அந்தத் தண்ணீரில் இறங்கி, 100 மீட்டரை 1 நிமிடம் 22.2 வினாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். 1900-ல் பாரிஸில் போட்டி செய்ன் ஆற்றில், ஓட்டத்தோடு. 1908 லண்டனில்தான் தனியாகத் தொட்டி கட்டினார்கள். அதுவும் ஓட்டப்பந்தய மைதானத்துக்கு உள்ளே 100 மீட்டர் நீளத் தொட்டி. சர்வதேச நீச்சல் சம்மேளனமும் அந்த ஆண்டுதான் உருவானது. 50 மீட்டர் குளம், தடம் பிரிக்கும் கயிறு என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பு ஒலிம்பிக்கில் வந்தது 1924 பாரிஸில். அங்கே ஜானி வைஸ்முல்லர் 59.0 வினாடியில் வென்றார். 1912 ஸ்டாக்ஹோமில் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் போட்டி வைத்தபோது ஆஸ்திரேலியாவின் ஃபேனி டூரக் 100 மீட்டரை முடித்த நேரமும் 1 நிமிடம் 22.2. ஹாயோஷ் குளிர்கடலில் எடுத்த அதே நேரம், பத்தில் ஒரு பங்கு கூட மாறவில்லை. பேத்திக்கு இதைச் சொல்லுங்கள், பிடிக்கும்.

சரி, தாத்தா நீந்தியது குளம் என்றே வைத்துக்கொள்வோம். டெல்டாவின் கோயில் குளங்கள் நீச்சல் தொட்டிகள் மாதிரி இல்லை. திருவாரூர் கமலாலயத்தைக் ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்பார்கள். 33 ஏக்கர் வரும். மன்னார்குடி ஹரித்ராநதி ஏறக்குறைய 23 ஏக்கர். கும்பகோணம் மகாமகக் குளம் ஆறு ஏக்கருக்குச் சற்று மேல், அதுவே ஒரு பக்கம் நூற்றைம்பது மீட்டர் அளவுக்கு வரும். இந்த மாதிரிக் குளத்தில் 100 மீட்டர் போட்டி என்றால் திரும்பவே வேண்டியதில்லை. ஒரே நேர்கோட்டில் நீந்திவிடலாம். கேட்கச் சுலபமாகத் தோன்றும். உண்மையில் அது கஷ்டம். ஐம்பது மீட்டர் குளத்தில் பாதி வழியில் ஒரு சுவர் வரும். காலால் உந்தித் தள்ளினால் நான்கைந்து மீட்டர் கை போடாமலே போய்விடலாம், அந்த நேரம் கைகளுக்கும் ஒரு ஓய்வு. நேர்கோட்டில் நூறு மீட்டர் நீந்துகிறவனுக்கு அந்த உதவி இல்லை. ஒரு வினாடியாவது போய்விடும். அதற்கு மேல், நடுக்குளத்தில் அடித்தளத்தில் கோடு இல்லை, கலங்கல் தண்ணீரில் கையே தெரியாது, தலையைத் தூக்கிப் பார்க்காமல் நேராகப் போக முடியாது. கோணலாக ஐந்து டிகிரி விலகினால் தூரத்தில் பெரிய நஷ்டம் இல்லை. பார்ப்பதற்காகத் தலையைத் தூக்குகிற ஒவ்வொரு முறையும் இடுப்பும் காலும் கீழே இறங்கி உடம்பு தண்ணீரைத் தள்ள ஆரம்பிக்கும், நஷ்டம் அங்கேதான்.

நம் ஆற்றுப்பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தத் தலை தூக்கிய நீச்சல் வந்ததற்குக் காரணம் உண்டு. வெள்ளத்தில் கட்டை வரும், ஆகாயத்தாமரைக் கொத்து வரும், எதிரே பரிசல் வரும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு போனால் மோதிக்கொள்ள வேண்டியதுதான். அக்கரை சேர வேண்டிய துறை எது என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இழுப்பு கீழே கொண்டுபோய்விடும். ஆற்றைக் கடக்க அது சரியான நீச்சல். நூறு மீட்டரை வேகமாக முடிக்க அது தவறான நீச்சல். அப்படிப் பழகிய பையனைக் குளத்துக்குக் கொண்டுவந்தால் முதலில் மாற்ற வேண்டியது கையை அல்ல, கழுத்தை: பார்வை அடித்தளத்தில், தண்ணீர்க் கோடு நெற்றிக்கும் உச்சிக்கும் நடுவே, மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் உருட்டுவது. இது கைவர ஆறு மாதம் ஆகும். பழைய பழக்கம் களைப்பில்தான் திரும்பி வரும். கடைசி இருபது மீட்டரைப் பார்த்தால் ஆற்றில் கற்றவன் யார் என்று தெரிந்துவிடும்.

தூரம் சரியாக நூறு மீட்டர்தானா என்பதையும் சந்தேகப்படுங்கள். 1958-ல் நம் ஊரில் அளவெல்லாம் அடி, கஜம், சங்கிலிதான். நிலம் அளக்கும் சங்கிலியில் ஒன்று 66 அடி, அதாவது 22 கஜம். ஐந்து சங்கிலி போட்டால் 110 கஜம், மீட்டரில் 100.58. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் வழக்கம் இருந்த நாடுகளில் 110 கஜத்தை 100 மீட்டருக்குச் சமமாகவே எண்ணினார்கள், 55 கஜக் குளங்களும் இருந்தன. ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் சங்கிலியை வாங்கி அளந்திருந்தால் தாத்தா அரை மீட்டருக்கு மேல் கூடுதலாக நீந்தியிருப்பார். அவர் வேகத்துக்கு அது 0.4 வினாடி.

தடம் பிரிக்கும் கயிறு இன்னொரு விஷயம். தேங்காய் நார்க் கயிற்றில் ஐந்தாறு முழத்துக்கு ஒரு வாழைத்தண்டோ தக்கையோ கட்டி மிதக்கவிட்டால் தடம் தெரியும், அவ்வளவுதான். நார்க் கயிறு அரைமணி நேரத்தில் தண்ணீர் குடித்துக் கனத்து, மிதவைக்கு மிதவை நடுவில் தொய்ந்து முழுகும். நீந்துகிறவன் கை அதில் சிக்கும். காற்று அடித்தால் கயிறு வில்லாக வளைந்து ஒரு தடம் அகலமாகவும் பக்கத்துத் தடம் குறுகலாகவும் ஆகும். உலகப் போட்டிகளிலும் தொடக்கத்தில் கயிற்றில் தக்கைகள்தான்; அலையை அடக்கும் சுழல் தட்டுகள் கோத்த தடக்கயிறு மிகப் பிந்தி வந்தது. அதுவரை பக்கத்துத் தடத்துக்காரன் கிளப்பும் அலை நேராக உங்கள் வாய்க்குள் வரும், நேர்ச்சுவர்த் தொட்டியில் சுவரில் மோதித் திரும்பியும் வரும். இந்த ஒரு விஷயத்தில் கோயில் குளம் அந்தக் காலத் தொட்டியை விட மேல். படிக்கட்டில் ஏறி அலை உடைந்துவிடும், திரும்பி வராது.

அதே படிக்கட்டுதான் தொடக்கத்தில் எமன். ஒலிம்பிக்கில் குதிமேடை வந்தது 1936 பெர்லினில்; அதற்கு முன்பு தொட்டி விளிம்பிலிருந்தே பாய்ந்தார்கள். கோயில் குளத்தில் விளிம்பே கிடையாது. தண்ணீருக்கு வெளியே தெரிகிற கடைசிப் படிக்குக் கீழே இன்னும் ஆறேழு படி முழுகிக் கிடக்கும், பாசி பிடித்து. அதன்மேல் நின்று தலைகீழாகச் சொருகினால் நெற்றி பிளக்கும், கழுத்து முறியும். எனவே மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, அல்லது மூங்கில் கழி கட்டி அதைப் பிடித்துக்கொண்டு புறப்படுவதுதான் பாதுகாப்பு. குதிமேடையில் பாய்கிறவர் காற்றிலேயே மூன்று மீட்டருக்கு மேல் போய், நீந்தும் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தோடு தண்ணீருக்குள் நுழைகிறார். அந்த வேகத்தைத் தண்ணீருக்குள்ளேயே காலை அலைபோல அடித்து 15 மீட்டர் வரை காப்பாற்றிக்கொள்கிறார். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறவருக்கு இதெல்லாம் இல்லை. நூறு மீட்டரில் ஏறக்குறைய இரண்டு வினாடி இதிலேயே போய்விடும். சான்றிதழ் நேரத்திலிருந்து இதைக் கழிக்காமல் தாத்தாவைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த ‘.4’-க்கு வருவோம். பழைய ஸ்டாப்வாட்ச் பெரும்பாலும் வினாடிக்கு ஐந்து துடிப்பு. எனவே முள் 0.2, 0.4, 0.6, 0.8 என்றுதான் நிற்கும், இடையில் நிற்காது. பழைய சான்றிதழ்களைக் கையில் எடுத்தால் தசமத்தில் இரட்டைப்படை எண்களே திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். பேத்தியின் 12.80-ல் உள்ள நூறில் ஒரு பங்கு வேறு உலகம்.

கையால் அழுத்தும் கடிகாரத்தில் தவறு இரண்டு இடத்தில் வரும். தொடக்கத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கட்டைவிரல் அழுத்த 0.2 வினாடி ஆகும். முடிவில் நீந்துபவர் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் தாமதம் இல்லாமல், சில சமயம் முந்தியே அழுத்திவிடுவார்கள். இதனால் கைநேரம் உண்மையை விட 0.2, 0.3 வினாடி குறைவாகவே விழும். நேர்கோட்டுப் போட்டியில் இது இன்னும் மோசம். துப்பாக்கி வெடிக்கும் இடத்துக்கும் கடிகாரக்காரர் நிற்கும் இடத்துக்கும் நடுவே நூறு மீட்டர். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும். வந்து சேரவே 0.29 வினாடி. அனுபவமுள்ளவர் சத்தத்தைக் கேட்டு அழுத்த மாட்டார், புகையைப் பார்த்து அழுத்துவார். விசிலில் தொடங்கிய போட்டியானால் புகை ஏது? கொடியையோ வெள்ளைத் துண்டையோ சேர்த்து இறக்கியிருக்க வேண்டும். அது நடக்காமல் இருந்தால் தாத்தாவின் நேரத்தில் அரை வினாடி அவருக்குச் சாதகமாக விழுந்திருக்கும். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

முறைப்படி ஒரு தடத்துக்கு மூன்று கடிகாரம். இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம். மூன்றும் வேறு என்றால் நடுவில் உள்ளது. ஆனால் யார் முதல் என்று தீர்மானித்தது கடிகாரம் அல்ல, கண். முடிவுக் கோட்டில் முதலிடத்துக்குத் தனி நடுவர்கள், இரண்டாம் இடத்துக்குத் தனி நடுவர்கள் நிற்பார்கள். இந்த ஏற்பாட்டின் உச்சக் குழப்பம் 1960 ரோம் ஒலிம்பிக்கில், ஆண்கள் 100 மீட்டரில் நடந்தது. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரமும் 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2. முதலிட நடுவர்களில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிட நடுவர்களில் இருவரும் டெவிட்டைத்தான் இரண்டாவது என்றார்கள். தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் என்று முடித்துவிட்டார்; லார்சனின் நேரமும் 55.2 என்று ஏட்டில் ஏறியது. இந்த வழக்குக்குப் பிறகுதான் கை பட்டதும் நேரத்தை நிறுத்தும் தொடுபலகையைச் சுவரில் வைக்கும் வேலை சூடுபிடித்தது. 1968 மெக்சிகோவில் மின்னணு நேரமே அதிகாரபூர்வ நேரமானது. 1972 மியூனிக்கில் அது எதிர்ப்பக்கம் போனது. 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கியை வென்ற வித்தியாசம் வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அந்த நேரத்தில் ஒருவர் நகர்வது நான்கு மில்லிமீட்டர் கூட இல்லை. குளம் கட்டும்போது ஒரு தடத்துக்கும் இன்னொன்றுக்கும் அனுமதிக்கும் பிழையே அதைவிடப் பெரியது. எனவே நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றைக்கும் இரண்டு பேர் நூறில் ஒன்று வரை சமம் என்றால் இரண்டு தங்கம்தான்.

திரும்புவதைப் பற்றி. தாத்தா தொட்டியில்தான் நீந்தினார் என்று தெரியவந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை ஃப்ரீஸ்டைலிலும் (எந்த விதமாகவும் நீந்தலாம் என்ற வகை) கையால் சுவரைத் தொட வேண்டும் என்ற விதி இருந்தது. ஒரு கையால் தொட்டு, முழங்காலை மார்போடு மடக்கி, உடம்பைப் பக்கவாட்டில் சுழற்றி, பாதத்தைச் சுவரில் வைத்து உந்த வேண்டும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, விளிம்பைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பது. மேலே ஏறிய உடம்பு மறுபடி இறங்கும்வரை உந்த முடியாது. காலை மடக்காமல் நீட்டியே சுற்றுவது அடுத்த தவறு. நீண்ட கதவைத் திருப்புவது போல மெதுவாகத்தான் திரும்பும். இப்போதைய குட்டிக்கரணத் திருப்பத்தில் கை சுவரைத் தொடுவதே இல்லை. சுவருக்கு ஒரு மீட்டர் முன்பே தாடையை மார்பில் ஒட்டி உருண்டு, பாதம் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே சுவரில் பட, மல்லாந்தபடி உந்திப் பிறகு குப்புறத் திரும்புகிறார்கள். தூரமாக உருண்டால் கால் சுவருக்கு எட்டாது, கிட்டே உருண்டால் குதிகால் விளிம்பில் அடிபடும், மூக்கால் காற்றை விடாவிட்டால் தண்ணீர் ஏறும். சரியாக வந்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரை முதல் ஒரு வினாடி மிச்சம். மல்லாந்த நீச்சலில் கை தொட வேண்டும் என்ற விதி 1991 வரைக்கும் நீடித்தது. பேத்தி நீந்துவது 25 மீட்டர் குளமா 50 மீட்டர் குளமா என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 25 என்றால் அவளுக்கு மூன்று சுவர்; நீளக் குளத்து நேரத்தை விட இரண்டு வினாடி வரை சுலபமாகவே குறையும்.

விதிகள் மாறிய கதையில் நம் பக்கத்துக்காரர்களுக்கு நெருக்கமானது முங்குநீச்சல். தம் கட்டி அக்கரை சேருவது டெல்டாப் பையன்களின் பழைய பந்தயம். 1956 மெல்போர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் மார்பு நீச்சலின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வாங்கினார். மேற்பரப்பில் அலையின் எதிர்ப்பு உண்டு, அடியில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உடனே விதியை மாற்றி, தொடக்கத்திலும் திருப்பத்திலும் ஒரு கைவீச்சுக்கு மேல் அடியில் போகக் கூடாது என்றார்கள். மல்லாந்த நீச்சலுக்கும் பின்னால் பட்டாம்பூச்சி நீச்சலுக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் 15 மீட்டர் வரம்பு வந்தது. பட்டாம்பூச்சி என்று தனி வகையே 1952 வரை கிடையாது. மார்பு நீச்சலில் கையைத் தண்ணீருக்கு வெளியே வீசியவர்களைப் பிரித்துத்தான் அதை உண்டாக்கினார்கள், ஒலிம்பிக்கில் 1956-ல் சேர்த்தார்கள். தாத்தா ‘நான் அடியிலேயே பாதி தூரம் போனேன்’ என்று சொல்லியிருந்தால் நம்பலாம். ஆனால் பேரப்பிள்ளைகளை அதைச் செய்து பார்க்க விடாதீர்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று சொல்வதே அந்த வாயுதான். முட்டல் வராமலே ஆக்சிஜன் தீர்ந்து, முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும். கலங்கல் குளத்தில் மயங்கியவரைத் தேடி எடுப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

துணிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல்நாட்டில் கம்பளி, பட்டு, பருத்தி, பிறகு நைலான், 1970-களில் உடம்போடு ஒட்டும் லைக்ரா. 2008, 2009-ல் பாலியூரித்தேன் உடை வந்து சாதனைகளைக் கொட்டியது. 2010 ஜனவரி முதல் தடை. இங்கே லங்கோடு கட்டியவன் கொடுத்துவைத்தவன். நாடா போட்ட காக்கி, பருத்தி அரை டிராயரோடு இறங்கினால் ஒவ்வொரு காலும் ஒரு பை மாதிரி தண்ணீரைப் பிடிக்கும், பாதி வழியில் நாடா தளரும்.

நீச்சல் கண்ணாடியும் கிடையாது. ஒலிம்பிக்கில் அதை அனுமதித்தது 1976-ல்தான். 1972-ல் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கமும் வெறுங்கண்ணோடு வாங்கினார். போட்டியின் ஒரு நிமிடத்துக்கு அது பெரிய குறையில்லை. பயிற்சிக்குத்தான் குறை: குளோரின் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணைத் திறந்து நீந்தினால் எரிந்து சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். எவ்வளவு நேரம் பயிற்சி என்பதைக் கண்தான் தீர்மானித்தது. பேத்தி காலையிலும் மாலையிலும் நீந்துகிற தூரத்தைத் தாத்தா காலத்தில் யாரும் நீந்தவில்லை. காவிரிக்காரர்களுக்கு வருடத்தில் நாலைந்து மாதம் தண்ணீரே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தூரம் தாங்குவதில் அந்தத் தலைமுறை சளைத்ததல்ல. அதற்கு டெல்டாக் கடற்கரையே சாட்சி. 1954-ல் யாழ்ப்பாணத்தின் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து பாக் நீரிணையை நீந்திக் கோடியக்கரையில் கரையேறினார், 27 மணி நேரத்தில். 1971-ல் அதே வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் கோடியக்கரைக்கு வந்து, நிற்காமல் திரும்பியும் நீந்தினார். 51 மணி நேரம். இடையில் 1966-ல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் வந்தார். 1994-ல் ஈரோட்டின் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தபோது அவருக்கு 13 வயதுகூட நிறையவில்லை. இந்த மாதிரி நீச்சலில் கூடவே படகு வரும், ஆனால் அதைக் கையால் தொட்டால் எல்லாம் ரத்து. கஞ்சியோ குளுக்கோஸோ கழியில் கட்டித்தான் நீட்ட வேண்டும். அக்குளிலும் கழுத்திலும் உப்பு அறுக்காமலிருக்க எண்ணெய்ப் பசை பூச வேண்டும். ஓட்டம் எதிர்த்துத் திரும்பும் நேரத்தில் பலமாக நீந்தி வலுவைத் தொலைப்பது வீண். இருந்த இடத்தைக் காப்பாற்றினாலே லாபம். ஆற்றுப்பிள்ளைக்கு இது தானாகவே புரியும்.

இனி உங்கள் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பு. எந்தக் காலத்து நேரத்தையும் அந்தக் காலத்தின் உச்ச நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 1958-ல் ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலகச் சாதனை 54.6, அதே ஜான் டெவிட் 1957-ல் போட்டது. 76.4-ஐ 54.6-ஆல் வகுத்தால் 1.40. பெண்களின் இன்றைய உலகச் சாதனை 51.71, ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் 2017-ல் போட்டது. 72.80-ஐ 51.71-ஆல் வகுத்தால் 1.41. இரண்டு பேரும் அவரவர் காலத்து உச்சத்திலிருந்து ஒரே தூரத்தில்தான் நிற்கிறார்கள். இன்னொரு அளவுகோல்: 1951-ல் புது டெல்லியில் சச்சின் நாக் ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் தங்கத்தை வாங்கிய நேரம் 1 நிமிடம் 4.7. தாத்தா அதிலிருந்து 12 வினாடிக்குள் இருந்திருக்கிறார், குதிமேடையும் சுவரும் இல்லாமலே நீந்தியிருந்தால் இன்னும் நெருக்கம். பேத்திக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1962 அக்டோபரில் டான் ஃப்ரேசர் செய்து காட்டும்வரை ஒரு நிமிடத்துக்குள் 100 மீட்டர் நீந்திய பெண் உலகத்திலேயே கிடையாது.

வகுத்தல் போதாது, உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் கேட்டால் வழி இருக்கிறது. ஆற்றில் வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் இடுப்பளவுத் தண்ணீரை ஒரே எட்டில் இரண்டாள் ஆழமாக்கியிருக்கின்றன. மதகுக்குக் கீழே சுழல் உள்ளே இழுக்கும். பயிற்சிக் குளத்திலேயே, காவலரும் பயிற்சியாளரும் இருக்கும்போது, மூன்று தனித்தனி நாளில் நீந்தட்டும். ஒரே நாளில் வைத்தால் களைப்பு கணக்கைக் கெடுக்கும். முதல் நாள் வழக்கம்போல. இரண்டாம் நாள் தண்ணீருக்குள் நின்று புறப்பட்டு, சுவரை உந்தாமல், காலை வைக்காமல், கையால் தொட்டதும் அப்படியே திரும்பி. மூன்றாம் நாள் அதோடு கண்ணாடி இல்லாமல், நீச்சலுடைக்கு மேல் ஒரு பருத்தி டிராயர் போட்டு, ஆறு கைவீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு. கடிகாரம் மூன்று பேர் கையில் இருக்கட்டும், நடு நேரத்தை எடுங்கள், கடைசி இலக்கத்தை அருகிலுள்ள இரட்டைப்படைக்கு மாற்றி எழுதுங்கள். மூன்றாம் நாள் எண்ணைத்தான் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதன் கீழே குளத்தின் நீளம், புறப்பட்ட விதம், திரும்பிய விதம், கடிகார வகை, தேதி எல்லாம் எழுதி வையுங்கள். 1958-ல் யாரோ எழுத மறந்தது அதுதான்.